ரேக் சர்வரில் இரண்டாவது பிராசசர்: பொருத்தலும் பழுதறிதலும்

இரண்டு பிராசசர்களுக்கு இடமுள்ள ரேக் சர்வரை ஒன்றுடன் மட்டும் வாங்கி, வேலைப்பளு கூடியதும் காலி சாக்கெட்டில் மற்றொன்றைப் பொருத்துவது சர்வர் பராமரிப்பில் அடிக்கடி நடக்கும் வேலை. பொருத்திய பிறகு சர்வர் கிளம்பாமல் நிற்கலாம். கிளம்பியும் புதிய பிராசசர் இருப்பதையே அறியாமல் இருக்கலாம். பிராசசரைக் காட்டிவிட்டு ரேமில் ஒரு பகுதியை மட்டும் காட்டாமல் விடலாம். மூன்றாவது வகைதான் பராமரிப்பவரை மிகவும் அலைக்கழிக்கும். பழுது ஓரிடத்தில் இருக்க, அறிகுறி வேறிடத்தில் தெரிவதே காரணம்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது 2012இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர்720. 2யூ உயரமுள்ள இச்சர்வரில் எல்ஜிஏ 2011 சாக்கெட்டுகள் இரண்டு உண்டு. இன்டெல் ஜியான் ஈ5-2600 வரிசையும், 2013 செப்டம்பரில் வந்த அதன் வி2 வரிசையும் இதில் பொருந்தும். ரேமுக்கு 24 இடங்கள்: ஏ1 முதல் ஏ12 வரை முதல் பிராசசருக்கு, பி1 முதல் பி12 வரை இரண்டாவதற்கு.

பின்னணி

பென்டியம் III காலத்து ஸ்லாட் 1 சர்வர்களில் காலி ஸ்லாட்டில் டெர்மினேட்டர் அட்டை ஒன்று செருகப்பட்டிருக்கும்; இரண்டாவது பிராசசர் வரும்போது அதை எடுத்துவிட வேண்டும். 2006இல் வந்த எச்பி புரோலயன்ட் டிஎல்380 ஜி5இல் இரண்டாவது பிராசசருடன் அதற்குரிய மின்சார மாட்யூலையும் தனியே செருக வேண்டியிருந்தது. அக்கால இன்டெல் சர்வர்களில் ரேம் மதர்போர்டின் சிப்செட்டோடு இணைந்திருந்ததால், பிராசசரில் கோளாறு என்றால் அது பிராசசர் கோளாறாகவே தெரிந்தது.

2009இல் ஜியான் 5500 வரிசையில் ரேமை ஆளும் சுற்று பிராசசருக்குள்ளேயே வந்தது. 2012இல் ஈ5-2600 வரிசையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களும் உள்ளே வந்தன. இன்றைய பழுதறிதலின் அடிப்படை இந்த மாற்றம்தான். இரண்டாவது சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தால், சர்வர் ரேமைக் குறை சொல்லும், அல்லது நெட்வொர்க் கார்டைக் காணோம் என்று சொல்லும். அதை நம்பி நல்ல ரேமை மாற்றிக்கொண்டே போவது பணத்தையும் நேரத்தையும் விழுங்கும்.

பொருத்தம்

இரண்டு பிராசசர்களும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஈ5-2650ஐயும் ஈ5-2670ஐயும் சேர்த்து ஓட்ட முடியாது. மாடல் எண்ணின் முதல் இலக்கம் எத்தனை சாக்கெட் வரை அது வேலை செய்யும் என்பதைக் குறிக்கிறது. ஆகவே ஈ5-1600 வரிசைச் சிப் அதே சாக்கெட்டில் அமர்ந்தாலும் இணையாக இயங்காது. மற்றொரு பிராசசரோடு பேசுவதற்கான க்யூபிஐ இணைப்பு அதில் இல்லை. 2014இல் வந்த வி3 வரிசைக்கு உரியது எல்ஜிஏ 2011-3 என்ற வேறு சாக்கெட்.

பழைய சந்தையில் வாங்குவோர் சிப்பின் மேல் பொறித்த குறியீட்டையும் பார்ப்பது நல்லது. ஈ5-2670இல் எஸ்ஆர்0எச்8 என்பது சி1 ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப் பதிப்பு), எஸ்ஆர்0கேஎக்ஸ் என்பது சி2. கார்டுகளை நேரடியாக மெய்நிகர் கணினிக்கு ஒதுக்க உதவும் விடி-டி வசதியில் சி1இல் குறை இருந்து, சி2இல் சரிசெய்யப்பட்டது. முதல் சாக்கெட்டில் இருக்கும் சிப்பின் குறியீட்டை விற்பவரிடம் சொல்லியே இரண்டாவதைக் கேட்டு வாங்கலாம்.

பழைய சிப்பை எடுத்துவிட்டு இரண்டு வி2 சிப்புகள் போடுவதானால் வரிசை முக்கியம். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். வி2ஐ அறியாத பயாஸ் அதை வைத்துக் கிளம்பாது. கிளம்பாத சர்வரில் பயாஸைப் புதுப்பிக்கத் திண்டாட வேண்டும்.

மின்சாரத்தையும் காற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஈ5-2670 ஒன்றின் வெப்ப வரம்பு 115 வாட். ஆர்720க்கு 495, 750, 1100 வாட் பவர் சப்ளைகள் உண்டு. ஹார்டு டிஸ்க்குகள் நிறைந்த சர்வரில் 495 வாட் போதுமா என்று முன்பே பார்ப்பது நல்லது. எச்பி டிஎல்380பி ஜென்8இல் ஒரு பிராசசருக்கு நான்கு ஃபேன், இரண்டுக்கு ஆறு. காலியாக விட்ட இரு ஃபேன் இடங்களையும் நிரப்பாமல் பிராசசரை மட்டும் வாங்கி வந்தால் வேலை பாதியில் நிற்கும்.

பழுதறிதல்

முதலில் சர்வரே என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டும். ஆர்720இல் உள்ள ஐடிராக் என்ற மேலாண்மைக் கருவியின் பதிவேட்டில் பிழை நேரத்தோடு பதிவாகியிருக்கும். முன்புற எல்சிடி திரை இருந்தால் அது நீலத்திலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கும். பதிவேட்டில் ரேம் பிழை என்றிருந்தால் எந்தெந்த இடங்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிராசசரும் ரேமை நான்கு சேனல்களில் ஆள்கிறது: பி1, பி5, பி9 ஒரு சேனல்; பி2, பி6, பி10 அடுத்தது; இப்படியே பி12 வரை. பி6 மட்டும் காணவில்லை என்றால் அந்த ரேமையோ அந்த இடத்தையோ சந்தேகிக்கலாம். பி2, பி6, பி10 மூன்றிலும் ரேம் இருந்து மூன்றும் ஒருசேரக் காணாமல் போயிருந்தால், ரேமை விட்டுவிட்டுச் சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

சாக்கெட்டில் 2011 பின்கள் இருக்கின்றன. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வரிசை வரிசையாகப் பார்த்தால் வளைந்த பின் மட்டும் வெளிச்சத்தை வேறு விதமாகத் திருப்பும். சிப்பின் அடிப்பக்கத் தொடுபுள்ளிகளில் தெர்மல் பேஸ்ட் ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம். பின்கள் நேராக இருந்தும் ஒரு சேனல் வரவில்லை என்றால் ஹீட் சிங்கின் திருகுகளைப் பார்க்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முழுதாக முடுக்கிவிட்டால் சிப் ஒரு பக்கம் சாய்ந்து அழுத்தும். நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குவதே முறை.

அடுத்தது இடமாற்றுச் சோதனை. சந்தேகம் எழும்போது உதிரிகளை வாங்குவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். கூடுதல் செலவே இல்லாமல் தெளிவான விடை தருவது இதுதான். புதிய சிப்பை முதல் சாக்கெட்டில் தனியாக வைத்து, ஏ1இல் ஒரு ரேமோடு கிளப்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் குறை சிப்பிடம். கிளம்பினால், முன்பு முதல் சாக்கெட்டில் நன்றாக ஓடிய பழைய சிப்பை இரண்டாவதில் வைக்க வேண்டும். பிழை இன்னும் பி பக்கத்திலேயே நின்றால் குறை சாக்கெட்டிலோ மதர்போர்டிலோ இருக்கிறது. பிழை ஏ பக்கத்துக்கு மாறினால் சிப்போடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். சிப்பையும் ரேமையும் ஒன்றாக மாற்றினால் விடை கலங்கிவிடும். முதல் சாக்கெட்டைக் காலியாக விட்டு இரண்டாவதை மட்டும் சோதிக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

சிப்பும் சாக்கெட்டும் நலம் என்றால் அமைப்புகளைப் பார்க்கலாம். மதர்போர்டில் உள்ள என்விராம் ஜம்பரால் பயாஸ் அமைப்புகளை அழித்துவிட்டு மறுபடி கிளப்பினால் சில முரண்டுகள் தீரும்.

கிளம்பிய பிறகு

பயாஸ் இரண்டு பிராசசர்களைக் காட்டியும் இயங்குதளம் ஒன்றையே காட்டினால் உரிமத்தைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் 10 ஹோம் ஒரு பிராசசரைத்தான் பயன்படுத்தும். புரோ இரண்டை ஏற்கும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் உரிமம் கோர்களின் எண்ணிக்கைப்படி. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். 8 கோர் சிப் இரண்டு என்றால் அந்த அளவுக்குள் அடங்கும். 12 கோர் கொண்ட ஈ5-2697 வி2 இரண்டு போட்டால் 8 கோருக்குக் கூடுதல் உரிமம் வாங்க வேண்டும்.

ரேமை இரு பக்கமும் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு பிராசசர் தன் பக்கத்து ரேமை நேரடியாகத் தொடும். மறுபக்கத்து ரேமுக்கு க்யூபிஐ வழியே போய்வர வேண்டியிருப்பதால் தாமதம் கூடும். ஏ பக்கம் நிறைந்தும் பி பக்கம் ஒற்றை ரேமோடும் இருந்தால், புதிய பிராசசர் வந்தும் டேட்டாபேஸ் வேகம் கூடவில்லை என்ற புகார் வரும். லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை சாக்கெட்டுகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு பிராசசரும் அதன் பக்கத்து ரேமும் சேர்ந்த நூமா பிரிவுகளையும் காட்டும்.

கடைசியாக, முழு வேலைப்பளுவில் சில மணி நேரம் ஓடவிட்டு ஐடிராக்கில் இரு பிராசசர்களின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது மட்டும் வெகுவாகச் சூடேறினால், காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு ஹீட் சிங்கைக் கழற்றி, பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.