துப்பறிகிறவர் வீட்டுச் சந்தேகம்

மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் கூப்பிடு தூரம் இல்லை. ஆனாலும் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால், ரயில் ஊதுவது காதில் விழும். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது, தாம்பரத்திலிருந்தே ராமேசுவரத்துக்கு ஒரு புது வண்டி விட்டார்கள். அந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் மனம் ஒரு பழைய பெட்டியைப் போய்த் திறந்துவிடும். அந்தப் பெட்டியும் இதே தாம்பரத்தைக் கடந்துதான் போயிற்று.

அதைப் பற்றி எழுதக் காரணம் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளைஞன். பெயர் வேண்டாம். நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். மனைவிக்கும் உத்தியோகம் உண்டு. ஒரு பிரதோஷத்தன்று தேனுபுரீசுவரர் கோயில் பிராகாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களோ? சோழர் காலத்துக் கோயில். கர்ப்பக்கிருகத்தின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஸார், நீங்கள் துப்பறியும் கதையெல்லாம் எழுதியவராயிற்றே. ஒரு யோசனை கேட்கலாமா?"

"கேளேன், தம்பி."

"ஒருத்தருக்குத் தெரியாமல் அவருடைய போனில் ஒன்றை வைத்துவிட்டால், அவர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்பதெல்லாம் நமக்கு வந்துவிடுமாம். விலைகூட அதிகமில்லை..."

அந்த 'ஒருத்தர்' யார் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கிழவர்களிடம் யோசனை கேட்டால் கதைதான் கிடைக்கும். நானும் கதைதான் சொன்னேன். ஆனால் நான் கற்பனை செய்த கதை அல்ல; சென்னைப் பட்டணத்தில் நடந்தது.

1952-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில் மானாமதுரைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். இலங்கைக்குப் போகிறவர்களெல்லாம் அந்த வண்டியில்தான் போவார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியையே கொண்டு போகும் வரையில் அந்த வழி இருந்தது. அன்றைக்கு வண்டியில் ஒரு பெட்டிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. துர்நாற்றம் தாங்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத ஓர் ஆண் பிரேதம்!

சில நாளில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் முந்நூறு மைல். அந்தத் தலை இந்த உடலுக்கு உரியதா? அந்த மனிதர் யார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் துப்பாக்கி ஏந்திய துப்பறிவாளர் அல்ல; மருத்துவக் கல்லூரிப் புரொபஸர். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் என்பவர் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்தார். எலும்பைப் பார்த்து வயதைக் கணித்தார்கள். காதையும் பல்லையும் பார்த்து அடையாளம் சொன்னார்கள். இறந்தவர் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பழைய தஸ்தாவேஜில் இருந்த கைரேகை, பிரேதத்தின் கைரேகையோடு ஒத்துப் போயிற்று.

அவர்தான் ஆளவந்தார். பிராட்வே பக்கத்தில் ஜெம் அண்டு கம்பெனி என்ற பிரசித்தி பெற்ற பேனாக் கடை. அந்தக் கடையில் ஒரு சிறு இடத்தில் பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்து வந்தார். ஆகஸ்டு 28-ஆம் தேதி கடையிலிருந்து போனவர் வீடு திரும்பவில்லை. மனைவி தேடினார், போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணை ராயபுரத்தில் கல்லறைச் சாலையில் ஒரு வீட்டில் போய் நின்றது. அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். கல்யாணத்துக்கு முன்னால் தேவகிக்கும் ஆளவந்தாருக்கும் பழக்கம் இருந்தது. தம்பதிகள் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். போலீஸார் அங்கே போய்ப் பிடித்து வந்தார்கள்.

வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் நடந்தது. பட்டணமே அங்கே திரண்டது. சர்க்கார் தரப்பில் வாதாடியவர் கோவிந்த் சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியின் சகோதரர். நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர், ஐ.சி.எஸ். அவர் வெறும் நீதிபதி மட்டுமல்ல. நாவலும் நாடகமும் எழுதியவர். கதை எழுதுகிற ஒருவரின் முன்னால் இப்படியொரு கதை வந்து நின்றது விதியின் விளையாட்டு என்றுதான் எனக்குத் தோன்றும்.

1953-ல் தீர்ப்பு வந்தது. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம். தூக்கு இல்லை, ஆயுள் தண்டனையும் இல்லை. "அவ்வளவுதானா?" என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு, "அது போதும்" என்றவர்களும் உண்டு. தம்பதிகளிடம் நீதிபதிக்கு இரக்கம் இருந்தது. இறந்தவரின் நடத்தையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் இறந்தவருக்கும் ஒரு மனைவி இருந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வழக்கைப் பற்றிப் பேசியவர்களெல்லாம் தேவகியைப் பற்றிப் பேசினார்கள். அந்த அம்மாளைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் இருந்தவர் யார் என்பதை எலும்பும் பல்லும் கைரேகையும் சொல்லிவிட்டன. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த வீட்டில் புருஷன் மனத்தில் என்ன இருந்தது, பெண்டாட்டி மனத்தில் என்ன இருந்தது, பொறாமை எந்த நாளில் உள்ளே வந்து உட்கார்ந்தது என்பதற்கு எந்தப் புரொபஸரும் சாட்சி சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

இதே மாதிரி இன்னொரு வழக்கு பதினேழு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்தது. அதிலும் நம் தேசத்தவர் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தார். பம்பாய்ப் பார்ஸி டாக்டர் ஒருவர் லங்காஸ்டர் நகரத்தில் பக் ரக்ஸ்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு வைத்தியம் செய்து வந்தார். ஏழைகளுக்கு உதவுகிறவர் என்று நல்ல பெயர். இசபெல்லா என்பவரோடு குடித்தனம், மூன்று குழந்தைகள். வெளியே புன்சிரிப்பு, வீட்டுக்குள் ஓயாத சந்தேகம். 1935 செப்டம்பரில் இசபெல்லாவும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமற் போனார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்தில் ஓர் ஓடைக்கரையில் துண்டு துண்டாகக் கிடைத்தார்கள். டாக்டர் அல்லவா? அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் சிதைத்திருந்தார்.

ஆனால் அவருக்கு மிஞ்சிய டாக்டர்கள் இருந்தார்கள். கிளாஸ்கோவில் கிளெய்ஸ்டர் என்பவரும் எடின்பரோவில் பிராஷ் என்பவரும் துண்டுகளைச் சேர்த்து இரண்டு உடலாக்கினார்கள். மண்டை ஓட்டைப் படம் பிடித்தார்கள். இசபெல்லா உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோவின் மேல் அந்தப் படத்தை வைத்துப் பார்த்தார்கள். கண் இருந்த இடத்தில் கண். பல் இருந்த இடத்தில் பல். உடலைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் லங்காஸ்டர் பக்கத்தில் மட்டும் விற்ற விசேஷப் பதிப்பு. ரக்ஸ்டன் 1936 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். இவ்வளவு நுட்பமான விஞ்ஞானத்தில் நூறில் ஒரு பங்கு அந்த வீட்டுச் சந்தேகத்தைத் தீர்க்க உதவியிருந்தால் இரண்டு பெண்கள் பிழைத்திருப்பார்கள். விஞ்ஞானம் வந்தது, ஆனால் பிரேதத்துக்குப் பிறகுதான் வந்தது.

சென்னையில் ஆளவந்தார் வழக்கின் தீர்ப்பு வந்த அதே 1953-ல், அமெரிக்காவில் ஐஸக் அஸிமோவ் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். தமிழில் 'எஃகுக் குகைகள்' என்று பெயர் சொல்லலாம். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. மனிதர்கள் வானத்தையே பார்க்காமல், கூரை வேய்ந்த பிரம்மாண்டமான நகரங்களுக்குள் வாழ்கிறார்கள். ஒரு கொலை நடக்கிறது. துப்பறிய எலிஜா பேலி என்ற போலீஸ்காரரை அனுப்புகிறார்கள். அவருக்குத் துணையாக வருவது மனிதனைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு யந்திரம். எதிரே இருப்பவரின் மூளையை ஆராய்ந்து குணத்தைச் சொல்லிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

நமது பழைய துப்பறியும் நாயகர்களில் பலருக்கு வீடு வாசலே கிடையாது. ஷெர்லக் ஹோம்ஸ் பிரம்மசாரி. பேலிக்கோ மனைவி உண்டு. ஜெஸபெல் என்பது அவள் பெயர். பைபிளில் வரும் துஷ்ட ராணியின் பெயர்! தனக்கு அப்படியொரு பெயர் இருப்பதில் அவளுக்கு உள்ளூரச் சிறு சந்தோஷம். ஒரு நாள் சண்டையில் புருஷன், "அந்த ராணி ஒன்றும் அவ்வளவு கெட்டவள் இல்லை, தன் வழக்கப்படி நல்ல மனைவிதான்" என்று தர்க்கம் பேசிவிடுகிறார். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இப்படிச் சிறியதாக ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. பிறகு கொலையை விசாரிக்கும்போது, மனைவி எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குப் படுகிறது. ஊரெல்லாம் சந்தேகப்படுகிற வேலைக்காரர், சாப்பாட்டு வேளையில் வீட்டையும் சந்தேகப்பட வேண்டியதாகிறது. கூடவே மூளையைப் படிக்கும் யந்திரம் இருக்கிறது. ஆனால் மனைவியின் ரகசியம் யந்திரத்தால் அல்ல, அவளே வாய் திறந்து பேசுவதால்தான் வெளியே வருகிறது.

அஸிமோவ் தம் காலத்துக்கு எட்டாத எத்தனையோ அதிசயங்களைக் கற்பனை செய்தார். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் எதையும் மாற்றவில்லை. அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது.

"அது சரி ஸார், அது கதை," என்றான் இளைஞன்.

"உன் சட்டைப்பையில் இருப்பது என்ன?" என்று கேட்டேன்.

அஸிமோவ் பல நூற்றாண்டு தள்ளி வைத்த யந்திரத் துப்பறிவாளர் எழுபது வருஷத்துக்குள் மாடம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிறார். இந்த விவகாரம் கோர்ட்டுக்கும் வந்துவிட்டது. மானாமதுரையைத் தாண்டினால் பரமக்குடி. அதே ராமேசுவரம் பாதை. அந்த ஊர் கோர்ட்டில் நடந்த விவாகரத்து வழக்கு ஒன்றில், மனைவி யார் யாரோடு போனில் பேசினாள் என்ற விவரப் பட்டியலைப் புருஷன் கொண்டுவந்து கொடுத்தார். 2024 அக்டோபரில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதை ஏற்க மறுத்தது. தாம்பத்தியத்துக்குள்ளும் அந்தரங்கம் உண்டு. ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது அந்த உறவின் அஸ்திவாரத்தையே பெயர்க்கும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில், கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்றது. வேவு பார்க்கும் நிலைக்கு ஒரு வீடு வந்துவிட்டதென்றால், நம்பிக்கை அதற்கு முன்பே போய்விட்டது என்று பொருள். பதிவு செய்ததால் அது போகவில்லை என்பது அவர்கள் வாதம்.

இரண்டு தீர்ப்புகளும் இரண்டு பக்கம் போகின்றன. ஆனால் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. வேவு பார்க்கிற வீட்டில் நம்பிக்கை இல்லை. அது முதலில் போயிற்றா, பிறகு போயிற்றா என்பதுதான் தகராறு.

இவ்வளவும் சொன்ன பிறகும் பையன் முகம் தெளியவில்லை. சரித்திரம் யாரையும் அவ்வளவு சுலபமாகத் திருத்திவிடுவதில்லை. ஆகவே நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்கு 1966-ல் கல்யாணம். கிழக்குத் தாம்பரத்தில் ஒண்டுக் குடித்தனம். ஒரு நாள் என் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆண்பிள்ளைக் கையெழுத்து, அனுப்பியவர் பெயர் இல்லை. அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதைகளில் எத்தனையோ தடவை எழுதிய வித்தைதான். கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் உறையைக் காட்டிப் பிரித்தேன். அவள் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதியிருந்தார். பார்வை மங்கிவிட்டதாம், இனிமேல் கடிதம் எழுத முடியாது என்று நினைப்பதால், தம்மிடம் படித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று எழுதி ஆசீர்வாதம் செய்கிறாராம். பசை தடவி ஒட்டி வைத்தேன். அவள் வந்து கடிதத்தைக் கையில் எடுத்தாள். உறையைத் தடவிப் பார்த்தாள். ஈரம்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. "கேட்டிருந்தால் நானே படித்துக் காட்டியிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல், தபால்காரன் கொடுக்கும் எந்தக் கடிதத்தையும் அவள் முதலில் என்னிடம் நீட்டிவிட்டுத்தான் பிரிப்பாள். என்னைத் தண்டிக்க அவள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. மேனனுக்கு ஏழு வருஷம், எனக்குப் பத்து.

பையன் சிரித்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கேட்டு, அவள் பொய் சொன்னால்?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆளவந்தார் வழக்கு முழுவதையும் புரட்டினாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

"பொய் சொன்னாலும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கும். அந்த யந்திரத்தில் அது ஒன்றுதான் இல்லை, தம்பி" என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. தீபாராதனை மணி அடித்தது. எழுந்து உள்ளே போனான். அப்புறம் என்ன செய்தான் என்று நான் விசாரிக்கவில்லை. துப்பறிகிற வேலையை நான் 1966-லேயே விட்டுவிட்டேன்.