இரும்புக்கையும் இரும்பொடிப்பானும்

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது: ‘இரும்புக்கை மாயாவி’. நான் அரசு வேலையில் சேர்ந்த புதிது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பேச்சுத் தமிழ் சரளம். கோப்பில் உள்ள தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அம்பத்தூரிலிருந்து ரயிலில் போகும்போது மாயாவிதான் எனக்குத் தமிழ் வாத்தியார்.

அவர் 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். (எங்கள் அம்பத்தூர் மின்வெட்டில் அவர் பாடு திண்டாட்டம்தான்!)

பள்ளிப் பருவத்தில் நான் படித்தது பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’. ஸ்மர்ஃப்களைப் படைத்த பெயோ, 1960-ல் அதில் பெனுவா பிரிஸ்ஃபேர் என்ற சிறுவனைக் கொண்டுவந்தார். பிரிஸ்ஃபேர் என்றால் இரும்பை உடைப்பவன். அசுர பலசாலி, ஆனால் ஜலதோஷம் பிடித்தால் பலமெல்லாம் போய்விடும். சாமர்த்தியமான மாயாவியைவிட, மூக்கைச் சிந்தும் இந்தப் பொடியனைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

ஆனால் தமிழில் குறிப்பு எழுதும் தைரியம் தந்தவர் மாயாவிதான். ஒருநாள் தலைமை எழுத்தர் என் பையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். “முடிச்சதும் எனக்குக் குடுப்பா” என்றார்.