மே மாதத்திலும் கூட்டமில்லாத கோத்தகிரி

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், நம் கோவைப் பக்கத்து வீடுகளில் "இந்த வருஷம் ஊட்டியா, கொடைக்கானலா?" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் சில வருஷங்களாக இரண்டும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஊட்டி பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தை விட்டு விலகி, கோத்தகிரி பஸ்ஸில் ஏறிவிடுவோம். பெரும்பாலும் ஜன்னலோரத்திலேயே இடம் கிடைக்கும். சீசன் உச்சத்திலும் இந்த ஊரில் மட்டும் ஏன் நெரிசல் இல்லை என்று தேடிப் போனால், அது சுமார் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ரோட்டு வேலையில் கொண்டுபோய் விடுகிறது.

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் முதலில் வீடு கட்டியது ஊட்டியில் அல்ல. 1819-ல் மலையேறிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில்தான் முதல் பங்களாவைக் கட்டினார். அந்தப் பெத்தக்கல் பங்களா இடிந்து கிடந்து, பிற்காலத்தில் சீரமைக்கப்பட்டு, இப்போது நினைவகமாக இருக்கிறது. ஊட்டியில் அவருடைய கல் பங்களா எழுந்தது அதற்குப் பிறகுதான். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஊரின் பெயரோ துரைமார்களுக்கெல்லாம் மூத்தது. கோத்தர்கள் வாழ்ந்த கேரி, கோத்தகேரி; அதுதான் கோத்தகிரி ஆயிற்று. 'கிரி' என்றதும் மலை என்று நினைத்துக்கொள்கிறோம்!

சமவெளியிலிருந்து போட்ட ஆரம்பகாலப் பாதையும் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்குத்தான் ஏறியது. அதாவது 1820-களில் ஊட்டிக்குப் போகிறவர்கள் கோத்தகிரியைத் தொட்டுத்தான் போக வேண்டும். 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாகப் புது மலைப்பாதை வந்தது. போக்குவரத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னால் வந்த பல்சக்கர ரயிலும் அதே வழியைத்தான் பிடித்தது. 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. ரயில் வந்த ஊர்களில் ஹோட்டல்கள் வந்தன, வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் வந்தார்கள். மதராஸ் அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு இடம் மாறிய காலம் அது. முதலில் வீடு கட்டிய ஊர் ஓரத்தில் நின்றுவிட்டது.

நின்றதே தவிர, ஊர் நொடித்துப் போகவில்லை. காபி வந்தது, தேயிலை வந்தது. இங்கே காபி பயிரிட்டவர்களில் ஒருவர் காக்பர்ன். அவர் மனைவியின் பெயரில்தான் கேத்தரின் அருவி இருக்கிறது. சுற்றிலும் படுகர் ஹட்டிகள், தேயிலைத் தொழிற்சாலைகள். கடைவீதியில் பை தூக்கி நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள்தான். அந்த ஊரின் அழகே அதுதான் என்பது என் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்போதெல்லாம் மே மாதத்தில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸார் திருப்பிவிடுகிறார்கள். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், கார்கள் வரிசை வரிசையாக ஊரைக் கடந்து இறங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தி இறங்குபவர்கள் குறைவு.

இது எத்தனை நாளைக்கு என்பதுதான் என் கவலை. 2024 மே முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் விதித்தார்கள். ஊட்டி நிரம்பினால் கண் அடுத்த ஊர் மேல்தானே விழும்? கோத்தகிரிக்கு ஒட்டினாற்போல் லாங்வுட் சோலை இருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட காடு. சுற்றியுள்ள பல கிராமங்களின் குடிநீர் அந்தச் சோலையில் ஊறுகிற தண்ணீர். பெரிய விடுதிகள் நான்கைந்து கூடினால் முதலில் இழுபடுவது அதுவாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் ரயில் வரவில்லையே என்று இந்த ஊர்க்காரர்கள் வருந்தியிருக்கலாம். இன்று அந்தத் தண்ணீர் மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: கோடை விழாவின் தொடக்கத்தில் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் ஊர் கொள்ளாது. மற்ற நாட்களில் தாராளமாகப் போகலாம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸும் தேவையில்லை.