ராமெல்லியின் சக்கரமும் எட்டு பிடிஎஃப்களும்

ஒரே நேரத்துல ஏழெட்டு பிடிஎஃப் திறந்து வெச்சுப் படிக்கிற ஆளா நீங்க? அப்படின்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு திறந்து, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒழுங்கா படிச்சு முடிக்கிற உத்தமர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

மத்தவங்களுக்கு ஒரு கேள்வி. ராத்திரி கரண்ட் போயிடுது. காலைல கம்ப்யூட்டரைப் போட்டா எது காணாமப் போயிருக்கும்? கோப்புகள் எல்லாம் பத்திரமா இருக்கும், ஒரு எழுத்துகூட அழிஞ்சிருக்காது. ஆனா 'எந்த எட்டு கோப்புகள், ஒவ்வொண்ணும் எந்தப் பக்கத்துல, எதுக்குப் பக்கத்துல எது' என்கிற அந்த அமைப்பு போயிருக்கும். அதை செஷன்னு சொல்றாங்க, தமிழ்ல அமர்வு. உரையையும் மூலத்தையும் அகராதியையும் மாத்தி மாத்திப் பார்த்துப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த அமைப்பை மறுபடி உருவாக்க அரை மணி நேரம் ஆகும். சில சமயம் உருவாக்கவே முடியாது. ஏன்னா அந்த ஆறாவது கோப்பை எதுக்குத் திறந்தோம் என்பதே மறந்து போயிருக்கும்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோட வந்ததில்லை. நானூறு வருஷத்துக்கும் மேல பழசு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கதை முழுக்க மூணு கேள்விகளை மட்டும் கையில் வெச்சுக்குங்க. ஒண்ணு, ஒவ்வொரு புத்தகமும் எந்தப் பக்கத்துல நின்னதுன்னு அந்தக் கருவி ஞாபகம் வெச்சுக்குதா? ரெண்டு, எந்தெந்தப் புத்தகங்கள் சேர்ந்து திறந்திருந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்குதா? மூணு, அப்படிப்பட்ட கூட்டங்கள் பல இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுத் தனித்தனியா எடுக்க முடியுமா?

அகோஸ்தினோ ராமெல்லி இத்தாலிக்காரர், ராணுவப் பொறியாளர். பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றியிடம் வேலை பார்த்தவர். 1588இல் பாரிஸில் இயந்திரங்கள் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மொத்தம் 195 படங்கள், இத்தாலியம், பிரெஞ்சு ரெண்டுலயும் விளக்கம். தண்ணீர் இறைக்கும் கருவிகள், மாவு அரைக்கும் ஆலைகள், பாலங்கள்னு போய்க்கிட்டே இருக்கிற புத்தகத்துல 188வது படம் மட்டும் வித்தியாசமானது. ஆளுயரத்துக்கு ஒரு மரச்சக்கரம். அதைச் சுத்தி சாய்வுப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு புத்தகம் திறந்தபடி இருக்கு. முன்னாடி நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்து, கையால சக்கரத்தைச் சுத்தி, வேணுங்கிற புத்தகத்தைத் தன் முன்னால கொண்டுவந்து படிக்கிறார்.

சக்கரம் சுத்தும்போது புத்தகம் ஏன் கீழ விழலை? நம்ம ஊர் திருவிழா ராட்டினத்துல தொட்டில் எப்பவும் நேரா தொங்குற மாதிரிதான். ஆனா ராட்டினத் தொட்டில் அதோட எடையில தொங்குது, அதனால ஆடும். ராமெல்லி அதை ஏத்துக்கலை. கடிகாரக்காரர்கள் பயன்படுத்துற மாதிரி பல்சக்கரங்களை உள்ளே வெச்சு, பெரிய சக்கரம் எவ்வளவு திரும்புதோ அதே அளவு ஒவ்வொரு பலகையும் எதிர்ப்பக்கம் திரும்புற மாதிரி வரைஞ்சார். அதனால பலகையோட சாய்வு மாறவே மாறாது. மூட்டுவாதம் வந்து நடக்கச் சிரமப்படுறவங்களுக்கும் இது உதவும்னு சொல்லியிருக்கார். இருந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்காமலே ஒரு நூலகத்தைப் படிக்கலாம். ஆபீஸ்ல நாள் பூரா நாற்காலியை விட்டு எழாத நமக்காகவே யோசிச்ச மாதிரி இல்ல?

நம்ம மூணு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். பக்கம் ஞாபகம் இருக்கா? இருக்கு, புத்தகம் திறந்தபடியேதான் கிடக்குது. கூட்டம் ஞாபகம் இருக்கா? இருக்கு, சக்கரத்துல இருப்பதுதான் கூட்டம். பல கூட்டங்கள்? அதுதான் முடியாது. வேற வேலைக்குப் போகணும்னா சக்கரத்தைக் காலி பண்ணணும். அல்லது இன்னொரு சக்கரம் செய்யணும். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1810 வாக்கில் தன்னோட மாண்டிசெல்லோ வீட்டுல வெச்சிருந்த சுழலும் புத்தகத் தாங்கியும் இப்படித்தான். அஞ்சு புத்தகம் திறந்து வைக்கலாம். ஆறாவது வேணும்னா ஒண்ணை எடுத்தாகணும்.

மூணாவது கேள்விக்கு முதன்முதலா தெளிவா பதில் சொன்னவர் வானெவர் புஷ். ரெண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் அறிவியல் ஆராய்ச்சிப் பணிகளை ஒருங்கிணைச்ச பெரிய கை. 1945 ஜூலையில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதுல 'மெமெக்ஸ்' என்று ஒரு கற்பனைக் கருவி வருது. பார்க்க ஒரு மேஜை. உள்ளே மைக்ரோஃபிலிமில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள். மேலே சாய்வான திரைகள். ஒரு திரையில் ஒண்ணை அப்படியே விட்டுட்டு இன்னொரு திரையில் வேற ஒண்ணை வரவழைக்கலாம். இதுவரைக்கும் ராமெல்லி சக்கரம்தான், மரத்துக்குப் பதில் ஃபிலிம்.

புதுசு என்னன்னா, ரெண்டு பக்கங்களை ஒரு பொத்தான் அழுத்தி நிரந்தரமா இணைக்கலாம். அப்படி இணைச்சுக்கிட்டே போனா ஒரு 'தடம்' உருவாகும். அந்தத் தடத்துக்கு ஒரு பேரும் வைக்கலாம். அவர் கொடுக்கிற உதாரணம், சிலுவைப் போர்கள்ல துருக்கியரோட குட்டை வில் ஏன் இங்கிலாந்தின் நீள வில்லைவிட மேலானதா இருந்ததுன்னு ஆராய்கிற ஒருத்தர். பல வருஷம் கழிச்சு நண்பர் ஒருத்தரோட பேசும்போது அந்தத் தடத்தை ஒரு நொடியில் வரவழைக்கிறார். அதோட நிறுத்தலை. தடத்தைப் படியெடுத்து நண்பர்கிட்டயே கொடுத்துடுறார், அவர் தன்னோட மெமெக்ஸில் சேர்த்துக்க.

நல்லா கவனிங்க. நண்பருக்குப் போனது படிச்சவரோட பாதையும்தான். மெமெக்ஸ் கடைசிவரை யாரும் கட்டாத கருவி. ஆனா பக்கம், கூட்டம், பேர், பகிர்தல்னு நாலும் 1945லயே காகிதத்துல இருந்தது.

அடுத்த படி இயங்குதளக்காரங்க கிட்டேர்ந்து வந்தது. 1968இல் பீட்டர் டென்னிங் 'வொர்க்கிங் செட்' என்ற கருத்தை முன்வெச்சார். காலேஜ்ல ஓஎஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நிரல் எந்த ஒரு சமயத்திலும் தன் நினைவகப் பக்கங்கள்ல ஒரு சின்னக் கூட்டத்தைத்தான் பயன்படுத்துது. அந்தக் கூட்டத்துக்கு இடம் பத்தலைன்னா, பக்கங்களை உள்ளே வெளியே மாத்துறதுலயே இயந்திரத்தோட நேரம் போயிடும். இதுக்குப் பேர் த்ராஷிங். 1986இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் ஒரு கேள்வி கேட்டாங்க. திரையில் ஜன்னல்களை மாத்தி மாத்தித் தேடுற மனுஷனும் அதே த்ராஷிங்கில்தானே மாட்டிக்கிறான்? அவங்க கண்ட தீர்வு 'ரூம்ஸ்'. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அறை. அறைக்குப் பேர் உண்டு. ஒரு அறையிலிருந்து இன்னொண்ணுக்குக் கதவு உண்டு. ஒரே ஜன்னல் ரெண்டு அறையிலும் இருக்கலாம், ஒவ்வொண்ணுலயும் வேற இடத்துல. பின்னால வந்த வர்ச்சுவல் டெஸ்க்டாப்கள் எல்லாம் இந்த வீட்டுச் சொந்தக்காரங்கதான்.

1994இல் எக்ஸ்11-இன் ஆறாம் வெளியீட்டோட ஒரு செஷன் நெறிமுறை வந்தது. வெளியே போகும்போது செஷன் மேனேஜர் ஒவ்வொரு நிரலுக்கும் 'உன்னைக் காப்பாத்திக்கோ' என்று ஒரு செய்தி அனுப்பும். நிரல் தன் நிலையைச் சேமிச்சுட்டு, 'நாளைக்கு என்னை இப்படிக் கூப்பிடு' என்று ஒரு கட்டளையைத் திருப்பிக் கொடுக்கும். அழகான ஏற்பாடு. ஆனா எல்லா நிரலும் ஒத்துழைக்கணும். கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி. ஒருத்தர் மிஸ் ஆனாலும் படம் கெட்டுது.

நிரல் எழுதுறவங்க இதுக்காகக் காத்திருக்கலை. 1998இல் விம் எடிட்டரில் செஷன் கோப்பு வந்தாச்சு. திறந்திருக்கிற கோப்புகள், ஜன்னல் அமைப்பு எல்லாத்தையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பா எழுதி வெச்சுக்கலாம். வேலைக்கு ஒண்ணுன்னு எத்தனை வேணும்னாலும். மூணு கேள்விக்கும் ஆமாம். தன் முதுகைத் தானே சொறிஞ்சுக்கிறதுல எங்க ஆளுங்களை அடிச்சுக்க முடியாது.

அப்போ பிடிஎஃப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? பதில் அதோட பிறப்புல இருக்கு. 1991இல் அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 'காமெலாட்' என்ற திட்டக் குறிப்பை எழுதினார். அவர் தீர்க்க நினைச்ச பிரச்சினை, ஒரு இயந்திரத்தில் உருவான ஆவணம் வேற எந்த இயந்திரத்திலும் அதே தோற்றத்தோட தெரியணும், அச்சாகணும் என்பது. 1993இல் அக்ரோபாட்டின் முதல் வடிவம் வந்தது. 2008இல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ தரமாகவே ஆச்சு. அதாவது பிடிஎஃப் அச்சகத்தின் பிள்ளை.

அதனால ஒரு வேடிக்கை. பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே 'என்னைத் திறந்தா இந்தப் பக்கத்துல, இந்த அளவுல திற, ஓரத்துல பொருளடக்கத்தைக் காட்டு' என்று எழுதி வைக்க இடம் இருக்கு. ஆனா அது உருவாக்கினவரோட விருப்பம். படிக்கிறவர் நேத்து 212ஆம் பக்கத்துல நிறுத்தினார், பக்கத்துல இன்னும் மூணு கோப்பு வெச்சிருந்தார் என்பதை எழுதி வைக்கிற ஏற்பாடு கிடையாது. வாசகனோட கதை வியூவர் மென்பொருளின் கருணையில் விடப்பட்டது.

வியூவர்கள் மெதுவாத்தான் கருணை காட்டின. 2008இல் கேடிஈ 4-உடன் வந்த ஓக்குலர் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு எழுதி, விட்ட பக்கத்தை ஞாபகம் வெச்சது. அந்தக் குறிப்பின் பேர் எப்படி அமைஞ்சது தெரியுமா? ஆவணத்தின் அளவும் பேரும் சேர்ந்து. கோப்பின் பேரை மாத்தினீங்கன்னா ஞாபகம் போச்சு! 2006இல் கிரிஸ்டோஃப் கொவால்சிக் தொடங்கின சுமாத்ரா பிடிஎஃப்பில் டேப் வந்தது 3.0 பதிப்பில், 2014இல். மூடும்போது திறந்திருந்த எல்லா ஆவணமும் அடுத்த முறை திரும்ப வர்ற வசதி 3.1 பதிப்பில், 2015இல். ஃபயர்பாக்ஸ் 2 அதை இணையப் பக்கங்களுக்கு 2006லயே செஞ்சிருந்தது. ஒன்பது வருஷ இடைவெளி.

இதுல ஒரு திருப்பமும் உண்டு. குரோம் 2010இலும், ஃபயர்பாக்ஸ் 19ஆம் பதிப்பு 2013இலும் பிடிஎஃப்பைத் தாமே திறக்கத் தொடங்கின. பிடிஎஃப் வெறும் ஒரு டேப் ஆனதும் உலாவியோட அமர்வு ஏற்பாடு அதுக்கும் இலவசமா கிடைச்சது. மெமெக்ஸ் வழியில் வந்த ஹைப்பர்டெக்ஸ்ட் பரம்பரைதான் அச்சகத்தின் பிள்ளைக்கு அடைக்கலம் கொடுத்துச்சு.

ஆனா இதுல பெரும்பாலும் கிடைச்சது 'கடைசி அமர்வு' மட்டும். முதல் ரெண்டு கேள்விக்கு ஆமாம், மூணாவதுக்கு இல்லை. ராமெல்லியோட சக்கரத்துலயேதான் நிக்கிறோம், மரம் மட்டும் இல்லை. நமக்கு ஒரு வேலையா இருக்கு? ஆபீஸ் வேலைக்கு நாலு கையேடு ஒரு கூட்டம். மதுரைத் திட்டத்துலேர்ந்து இறக்கின இலக்கியமும் உரையும் ஒரு கூட்டம். வீட்டுக்கடன் பத்திரங்கள் ஒரு கூட்டம். மூணையும் ஒரே சக்கரத்துல ஏத்தினா டென்னிங் சொன்ன த்ராஷிங்தான்.

மறுபக்கமும் சொல்லணும். அமர்வு ஒரு சாட்சி. 2011இல் மேக் ஓஎஸ் லயன் 'ரெஸ்யூம்' வசதியோட வந்து, நிரலை மறுபடி திறந்தா பழைய ஆவணங்களையும் தானே திறந்து காட்டுச்சு. பொதுக் கணினியிலோ, புரொஜெக்டர் முன்னாடியோ அப்படி நடந்தா என்ன ஆகும்? நோய் பற்றிய அறிக்கை, வேற கம்பெனிக்குப் போட்ட விண்ணப்பம் எல்லாம் ஊருக்கே தெரியும். எந்தெந்த ஆவணங்களைச் சேர்த்துத் திறந்தோம் என்பது, என்ன யோசிக்கிறோம் என்பதைக் காட்டிக் கொடுத்துடும். அதனாலதான் சொல்றேன், அமர்வைச் சேமிக்கிறதும் அழிக்கிறதும் படிக்கிறவர் கையில் இருக்கணும். மென்பொருள் நமக்குத் தெரியாம ஒரு மூலையில் வெச்சிருக்கிற ரகசியமா இருக்கக் கூடாது.

அதுக்கு எளிய வழி விம் காட்டின வழிதான். அமர்வு என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. பெரும்பாலான வியூவர்கள் திறக்க வேண்டிய கோப்பின் பேரைக் கட்டளை வரியில் வாங்கிக்கும். விண்டோஸ்னா ஒரு பேட்ச் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு ஆவணம், முன்னாடி ஸ்டார்ட் கட்டளை. லினக்ஸ்னா ஷெல் ஸ்கிரிப்ட். 'உரை ஒப்பீடு', 'வீட்டுக்கடன்'னு பேர் வெச்சு டெஸ்க்டாப்புல போட்டுக்குங்க. பக்கத்தை வியூவர் ஞாபகம் வெச்சுக்கும், கூட்டத்தையும் பேரையும் உங்க கோப்பு ஞாபகம் வெச்சுக்கும். வேலை முடிஞ்சா டெலீட். அதே ஆவணங்கள் அதே இடத்துல இருக்கிற நண்பருக்கு மெயில்லயும் அனுப்பலாம், புஷ் சொன்ன மாதிரியே. அஞ்சு வரி எழுதினா மெமெக்ஸில் ஒரு மூலை உங்க வீட்டுக்கு வந்தாச்சு.

கோப்புகளை பேக்கப் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. தொலைஞ்ச பிடிஎஃப்பை மறுபடி இறக்கிக்கலாம். மூணு வாரம் படிச்சு நீங்களே சேர்த்த அந்த எட்டின் கூட்டை எந்தத் தளத்துலேர்ந்து இறக்குவீங்க?

பி.கு: உங்க வியூவர்ல பல அமர்வுகளைச் சேமிக்க வேற நல்ல வழி இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. 'ஒரு நேரத்துல ஒண்ணு படிச்சா போதாதா'ன்னு கேட்கிறவங்களுக்கு, முதல் பத்தியிலேயே வழி விட்டாச்சு ;-)