மதுரை மாப்பிள்ளை பேர்ல ஒரு போர்க்கப்பல்

இந்த எபிசோடோட நாயகன் ஒரு கப்பல். இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1944-ல, கனடாவின் டொரன்டோவுல கட்டினது. பேர் ஹெச்.எம்.எஸ். ஃப்ளையிங் ஃபிஷ். நம்ம கடற்கரைப் பக்கம் பறவைக்கோலான்னு சொல்ற மீன்தான். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கண்ணிவெடி அகற்றுறது இதோட வேலை. பின்னாடி நீளமான கம்பிவடத்தை இழுத்துக்கிட்டே போகும். கடலடியில கட்டிவெச்ச வெடியோட கம்பியை, வடத்துல இருக்கிற வெட்டுக்கத்தி அறுத்துடும். வெடி மேல மிதந்து வந்ததும் தூரத்துல இருந்து சுட்டுடுவாங்க.

1949-ல இந்தக் கப்பல், புதுசா சுதந்திரம் வாங்கின இலங்கைக்குக் கைமாறிச்சு. அந்தக் கடற்படையோட முதல் பெரிய போர்க்கப்பல். புதுப் பேர் 'விஜய'.

யார் இந்த விஜயன்? மகாவம்சக் கதைப்படி, நாடுகடத்தப்பட்டு 700 ஆட்களோட வட இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்து, இலங்கையில ராஜாவானவன். அவனுக்குப் பொண்ணு எடுத்தது எங்க தெரியுமா? நம்ம மதுரையில! பாண்டியன் மகள். அவளும் கடல் தாண்டித்தான் போனா.

இப்ப அந்தக் கடற்படையோட முக்கியமான வேலையைப் பாருங்க: பாக் நீரிணையில நம்ம பக்கத்துல இருந்து போற தோணிகளை மறிக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவங்களா ஆக்கியிருந்தது. பலரோட பூர்வீகம் மதுரை, ராமநாதபுரம், திருச்சி பக்கத்துக் கிராமங்கள். 1952-ல ராணுவத்தையும் இறக்கினாங்க, 'ஆபரேஷன் மான்ட்டி'ங்கிற பேர்ல. 'கள்ளத்தோணி'ங்கிற வசவு, வாழ்க்கையில தோணியே ஏறாம அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க மேலயும் விழுந்துச்சு.