அன்னத்திலிருந்து ஆனைக்காவுக்கு

புரட்டாசி முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியில் கொள்ளிடம் பக்கம் திரும்பி நின்றால், வடக்கே சுமார் 60 பாகை உயரத்தில் அன்னம் விண்மீன் கூட்டம் தெரியும். அதற்குள் இருக்கிறது என்ஜிசி 7027 என்ற கோள் நெபுலா. பெயரில்தான் கோள், உண்மையில் அது, சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் அந்திமக் காலத்தில் உதறிய வாயு. 1878-இல் எதுவார் ஸ்டெஃபான் கண்டுபிடித்தது. ஊர் வெளிச்சத்தில் சின்னத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி எடுத்தால் பச்சைப் புள்ளியாகச் சிக்கும். அந்தப் பச்சை, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுடையது என்று 1927-இல் ஐரா போவன் விளக்கினார்.

நமக்கு வேண்டியது அந்தப் பச்சை அல்ல. நிறமாலையில் அதைவிட மிக மங்கலான ஒரு நீலப்பச்சைக் கோடு.

அதன் பயணம் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. மையத்திலுள்ள நட்சத்திரத்தின் வெப்பம் ஏறத்தாழ இரண்டு லட்சம் டிகிரி. அதில் இரண்டு எலக்ட்ரான்களையும் பறிகொடுத்த ஹீலியம், ஒன்றைத் திரும்பப் பிடிக்கும்போது 97.2 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் ஒன்றை வெளியிட்டது. அந்தக் கதிர் அப்படியே வந்திருந்தால் நம் காற்று மண்டலத்தைத் தாண்டியிருக்காது. நெபுலாவின் வெளிவிளிம்பில் குளிர்ந்த ஹைட்ரஜன் அணு ஒன்று குறுக்கிட்டது. தன் 12.75 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 10.2-ஐச் சுங்கமாகக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த ஐந்தில் ஒரு பங்கோடு 485 நானோமீட்டர் ஒளியாகக் கிளம்பியது கதிர்.

ஒளி இப்படி நிறம் மாறிச் சிதறுவதைத் திரவங்களில் 1928-இல் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டவர் சி. வி. ராமன். 1888-இல் ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த திருவானைக்காவலில், தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தவர். (கடல் ஏன் நீலம் என்று கேட்டவர் நீர்த்தலத்தில் பிறந்தது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) ஹைட்ரஜன் அணுவில் இதே ராமன் சிதறல் நடப்பதை 1989-இல் ஷ்மிட் இரட்டை நட்சத்திரங்களில் அடையாளம் கண்டார். 1997-இல் பெகின்யோ குழு என்ஜிசி 7027-இன் நிறமாலையில் கண்டது.

ஹைட்ரஜனின் சொந்த நீலக்கோடு 486.1-இல், ஒட்டினாற்போலவே இருக்கிறது. சாதாரண வடிகட்டி வைத்து எடுக்கும் படம் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடும். நிறமாலைமானிதான் பிரித்துக் காட்டும். அந்த மெனக்கெடலுக்குப் பலன் உண்டு. படத்தில் பதிவது ஒளிரும் வாயு மட்டுமே. ராமன் கோடோ ஒளிராத ஹைட்ரஜனுக்குச் சாட்சி. என்ஜிசி 7027-இல் அந்த ஒளிராத பகுதிதான் நிறையில் அதிகம்.