செக்ரோலில் எழுதப்படாத வேலை

ஒரு வீட்டில் கையால் செய்த பொருள்கள் நிறைந்திருந்தால் அது மகிழ்ச்சியின் அடையாளமா, இல்லாமையின் அடையாளமா? பேரா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அந்தக் காலம் போல வருமா?" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். "அந்தக் கஷ்டம் பகைவனுக்கும் வேண்டாம்" என்று இன்னொருவர் கையெடுத்துக் கும்பிடுவார். இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. அவரை முரண்பட்டுப் பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இரண்டுமே உண்மை என்பது தெரியவரும்.

1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, அப்போது பேராவின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அவற்றின் எச்சமாக அந்த ஊரில் ஒரு முதிய மரம் நிற்கிறது. சுற்றுப்பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கோலகங்சாரை ஒட்டிய சாயோங்கில்தான் மலாய்க்காரப் பெண்கள் கையால் வனையும் 'லாபு சாயோங்' என்ற கறுப்பு நிறத் தண்ணீர்க் குடுவை பிறக்கிறது. சுரைக்காய் வடிவம், குளிர்ந்த நீர். அந்தக் குடுவைக்கு நாட்டின் கைவினைப் பொருள் என்ற பெயரும் மதிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ரப்பர் மரத்தின் வழித்தோன்றல்களை நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள், லயத்து வீட்டின் பின்கட்டில் தங்கள் கையால் செய்த பொருள்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? பெரும்பாலும் 'பழைய சாமான்' என்ற பெயர்தான்.

பிற்பகலில் தொடங்கும் வாழ்க்கை

தோட்டத்து நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். இருட்டிலேயே பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் கைவிளக்கோடு நிரைக்குப் போக வேண்டும். காலைக் குளிரில்தான் மரம் நன்றாகப் பால் விடும், வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். எனவே வெட்டு முடிந்து, மங்குகளிலிருந்து பால் எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கி வந்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுக்கும்போது நண்பகல் ஆகிவிடும். ஒருவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் கிராணியின் செக்ரோலில் ஏறும். அதற்குப் பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்பதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

உண்மையில் குடும்பம் உயிரோடு இருந்ததே அந்த எழுதப்படாத நேரத்தின் உழைப்பால்தான். 1920-களின் இறுதியில் சில வட்டாரங்களுக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930-ல் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. ரப்பர் விலை மேலும் சரியவே ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்கள் அந்தக் கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கலாம். தலையணை வாங்க முடியுமா?

தலையணைக்கு வழி இருந்தது. கம்பத்துப் பக்கங்களில் இலவ மரம் உண்டு, மலாயில் அதைக் கெக்காபு என்பார்கள். காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் அதைப் பொறுக்கி வந்து, ஓட்டை உடைத்து, பஞ்சுக்குள் இருக்கும் கறுப்பு விதைகளைக் கையால் எடுக்க வேண்டும். காற்று வராத மூலையாகப் பார்த்து உட்கார வேண்டும், இல்லையென்றால் பஞ்சு லயம் முழுவதும் பறக்கும். வேலை முடியும்போது பிள்ளைகளின் தலையெல்லாம் நரைத்த கிழவர்கள் போல இருக்கும். அந்தச் சிரிப்பும் கும்மாளமும் சேர்ந்துதான் தலையணைக்குள் போயின. உறைக்கும் காசு கிடையாது. கோதுமை மாவு வரும் மூட்டைத் துணியைச் சவுக்காரம் போட்டு ஊறவைத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் துவைப்பார்கள். அதில் அச்சடித்த முத்திரை எளிதில் போகாது. முழுவதும் மங்கும் வரை பொறுமை இல்லாதவர்கள் அப்படியே தைத்துவிடுவார்கள். மாவுக் கம்பெனியின் சின்னம் பின்புறம் தெரிய எத்தனையோ பையன்கள் கால்சட்டை போட்டுத் திரிந்திருக்கிறார்கள்.

பழைய சேலைகள் நாலைந்து சேர்ந்தால் ஒரு போர்வை. இன்னும் கிழிந்தால் குழந்தைக்கு ஏணை. கெட்டிப்பால் டின் குவளையாகும், மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வாளியாகும், சாமான் வந்த மரப்பெட்டி அலமாரியாகும். மூங்கிலைப் பிளந்து கோழிக்கூடு, ஆற்று மீனுக்குப் பொறி. தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு உருவி விளக்குமாறு. அடுப்பு பற்ற மறுத்தால், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பால் ஒரு துண்டு போதும், மழைக்கால ஈர விறகும் எரியும்.

இந்த ஒட்டுப்பால் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது நிர்வாகத்துக்குச் சொந்தம். எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அது பந்துக்கான மூலப்பொருள்! நூல் போல நீளமாக உரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றினால் கூரை உயரம் எகிறும் பந்து தயார். மண்டோர் கண்ணில் பட்டால் திட்டு விழும். அப்பனுக்கு எடை குறைந்தால் வீட்டில் அடி விழும். உலகச் சந்தைக்குப் போக வேண்டிய ரப்பரில் சில அவுன்ஸ் அப்படித்தான் லயத்து வாசலில் எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது.

ரப்பர் கொட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெயில் காலத்தில் காய் 'பட்'டென்று வெடித்து விதை தூரத்தில் போய் விழும். ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடிப்பது ஒரு விளையாட்டு, உடையாத கொட்டைக்காரன் வெற்றி பெற்றவன். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பது இன்னொரு விளையாட்டு. அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்தவன் நிச்சயம் சூடு வாங்கியவனாக இருக்க மாட்டான். பெண் பிள்ளைகள் அதே கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடினார்கள். ஊரிலிருந்து சோழி வந்து சேரவில்லை என்பதற்காக ஆட்டம் நிற்கவில்லை.

பச்சரிசி இல்லாத வீடு

இந்தச் சின்னச் சின்ன இன்பங்களும் பறிபோன காலங்கள் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தபோது அரிசியும் துணியும் மறைந்தன. சாக்கைக் கத்தரித்து உடுத்தினார்கள், மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத வீடுகளில் ரப்பரையே கொளுத்தி வெளிச்சம் கண்டார்கள். பேராத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்களின் வீட்டில் யார் மூங்கில் பிளப்பது?

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் அவசரகாலம். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவசரகாலம் பிரகடனமானது. அது 1960 வரை நீடித்தது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் புறம்போக்கு நிலங்களில் இருந்த சீனர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களும் ஒன்றுதிரட்டப்பட்டு, முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டதைப் பற்றிய பேச்சு குறைவு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசிக்கு அளவு விதித்தார்கள். வேலைக்குப் போகிறவர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. கடையில் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். உடனே சாப்பிட்டாக வேண்டும், சேர்த்து வைக்க முடியாது. பேராவில் சில நடவடிக்கைகளின்போது அரிசியை வீட்டுக்குக் கொடுக்காமல், பொதுச் சமையற்கூடத்தில் சமைத்துச் சோறாகவே கொடுத்தார்கள்.

இதன் பொருள் என்ன என்பதை ஒரு தமிழ் வீட்டின் அடுப்படியில் நின்று யோசிக்க வேண்டும். வீட்டில் பச்சரிசி இருக்கக் கூடாது என்றால் இட்லி மாவு ஏது? தீபாவளிக்கு முறுக்கு ஏது? வாசலில் கோலம் போட அரிசி மாவுதான் ஏது? ராணுவக் கணக்கில் அது உணவுக் கட்டுப்பாடு. அடுப்படிக் கணக்கில் உரலும் அம்மியும் உலக்கையும் மௌனமான காலம் அது. இந்தக் கோணத்தில் அவசரகால வரலாறு இன்னும் சரியாக எழுதப்படவில்லை. துப்பாக்கி பிடித்தவர்களின் நினைவுக் குறிப்புகள் ஏராளம், உலக்கை பிடித்தவர்கள் எழுதவில்லை.

அஞ்சடியில் ஒரு தீபாவளி

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகுதான் தோட்டத்துத் தீபாவளி பழைய நிறத்துக்குத் திரும்பியது. முறுக்கு சுடுவது ஒரு வீட்டு வேலையாக இருந்ததே இல்லை. இன்று அத்தை வீடு என்றால் நாளை பெரியம்மா வீடு. அஞ்சடியில் பாய் விரித்து, மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவார்கள். கைச்சுற்று முறுக்குக்கு அச்சு கிடையாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அச்சு. மாவில் தண்ணீர் கூடினால் சுற்று நிற்காது, குறைந்தால் விரிசல் விடும். பால் வெட்டும் உளி பட்டுத் தழும்பேறிய அதே விரல்களுக்கு அந்தப் பதம் தெரிந்திருந்தது. சுட்டதைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, மலாய்க்கார, சீன அண்டை வீட்டாருக்கும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஹரி ராயாவுக்கும் சீனப் பெருநாளுக்கும் அந்தத் தட்டு வெறுங்கையாகத் திரும்பி வராது.

இந்த வீட்டுக் கைப்பக்குவம் தொழிலாக மாறிய இடம் ஈப்போவின் புந்தோங். எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறி, கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா என்று செய்து விற்றதால் அந்தக் குடியிருப்புக்கே 'கம்போங் காச்சாங் பூத்தே' என்று பெயர் வந்துவிட்டது. தடுப்புகள் வைத்த மரத்தட்டைத் தலையில் சுமந்துகொண்டு, பள்ளிக்கூட வாசலிலும் தியேட்டர் வாசலிலும் நின்ற கச்சான்காரரைப் பார்க்காத பழைய தலைமுறை இல்லை. அவர் கையில் இருந்த காகிதக் கூம்பும் வீட்டு வேலைதான். பழைய நாளிதழையும் பள்ளி நோட்டையும் கிழித்து, இரவில் பிள்ளைகள் உட்கார்ந்து சுருட்டியது. கடலையைத் தின்று முடித்துக் கூம்பைப் பிரித்தால் யாரோ ஒருவரின் கணக்குப் பாடம் இருக்கும். தப்பான விடைக்குச் சிவப்பு மையும் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு நிலம் வேண்டியதில்லை, துரையின் தயவும் வேண்டியதில்லை. தோட்டத்தில் இருந்தவர்களின் நிலைமை வேறு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை போனால் வீடும் போகும். மலாயா சுதந்திரம் அடைந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். குடியிருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வரும் அபாயம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர்களின் மாதச் சந்தாவிலிருந்தே தோட்டங்களை வாங்கச் செய்தது இந்தப் பின்னணியில்தான். எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை.

ஆறாவது மாடியில் அம்மிக்கு இடமில்லை

1980-களின் இறுதி வரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகிலேயே முதலிடம் மலேசியாவுக்குத்தான். பிறகு தாய்லாந்து முந்தியது. ரப்பர் மரங்கள் சாய்ந்த இடத்தில் செம்பனை வந்தது, நகரத்தை ஒட்டிய தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கழிவறையும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. அது சாதாரண முன்னேற்றம் அல்ல. பொதுக் குழாயில் வரிசை நின்ற பெண்களிடம் கேட்டால் தெரியும். லயத்து வாழ்க்கையைச் சொர்க்கமாக வர்ணிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே தண்ணீர் சுமக்காதவர்கள்.

ஆனால் ஆறாவது மாடியில் உரல் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வடகம் காயவைக்க வாசல் இல்லை. கோழிக்கூடு வைக்கக் கொல்லை இல்லை. மாட்டை வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் மாட்டை விற்றுவிட்டுத்தான் மாடியேறின. கைவேலை என்பது வெறும் அழகு அல்ல, அது ஒரு வருமானம் என்பதை இழப்பீட்டுக் கணக்குப் போட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? செக்ரோலில் இல்லாததை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஈயம் தோண்டியவர்களின் கதை இன்று பத்திரமாக இருக்கிறது. கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம், ஈப்போவில் ஹாக்கா சுரங்கக்காரர்களின் ஹான் சின் பெட் சூ, தஞ்சோங் துவாலாங்கில் பிரம்மாண்டமான ஈயக் கப்பல். பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் பாராட்டட்டும், தவறில்லை. அவர்களின் பாட்டி மாவு மூட்டையில் தைத்த உறையும், டின்னில் செய்த குவளையும் எந்தக் குப்பை லாரியில் போயின என்று வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். இன்னும் போகாமல் பரண்மேல் கிடந்தால், அதைச் செய்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வைக்கலாம்.

முழுவதும் அழிந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. பிளாஸ்டிக் ஒயரில் பின்னிய கூடைகள் மறுபடியும் வந்திருக்கின்றன, இந்த முறை நல்ல விலைக்கு. தீபாவளிக்குப் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் சாயம் போட்ட அரிசியில் கோலம் போடுகிறார்கள், சுற்றிக் கயிறு கட்டி. புந்தோங்கில் பண்டிகை நெருங்கும் வாரங்களில் எண்ணெய்ச் சட்டிகள் ஓய்வதில்லை. இயந்திரம் வந்துவிட்டாலும் பதம் பார்ப்பது கைதான். செம்பனைத் தோட்டங்களில் வெட்டிப் போட்ட மட்டைகளிலிருந்து ஈர்க்கு உருவிக் காயவைத்துக் கட்டுகிறார்கள். தென்னை ஈர்க்கைவிட அது சற்றுத் தடிமன். வாசல் பெருக்க ஆகாது, சிமெண்டு முற்றத்துக்கு நன்றாக இருக்கும் என்கிறார்கள் கட்டத் தெரிந்தவர்கள். அந்த ஈர்க்கு இப்போது மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இந்தியாவுக்கும் போகிறது.